போட்டியாளரா, பணியாளரா? ரியாலிட்டி நிகழ்ச்சிகளும் உழைப்பு குறித்த கேள்வியும்

1. விவாதம் ஓடும் தடங்கள்

புதிய ரியாலிட்டி நிகழ்ச்சி ஒன்று தொடங்கும்போதெல்லாம் அதைப் பற்றிய விவாதமும் கூடவே தொடங்கிவிடுகிறது. பெரும்பாலும் அது இரண்டு தடங்களில்தான் ஓடுகிறது. ஒன்று ஒழுக்கம் பற்றியது: இந்நிகழ்ச்சி பண்பாட்டைக் கெடுக்கிறதா, குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கத் தக்கதா? மற்றது உண்மை பற்றியது: திரையில் தெரிவது நிஜமா, எழுதிக்கொடுத்து நடிக்கவைக்கிறார்களா?

இந்தியாவில் இதுவரை எழுந்த பெரிய சர்ச்சைகளை வரிசையாக எடுத்துப் பார்த்தால் முதல் தடத்தின் செல்வாக்கு விளங்கும். 2009 ஜூலையில் ஸ்டார் பிளஸ் தொலைக்காட்சி 'சச் கா சாம்னா' என்ற நிகழ்ச்சியைத் தொடங்கியது. பொய்யறியும் கருவியின் துணையோடு பங்கேற்பாளரின் அந்தரங்கம் பற்றிக் குடும்பத்தார் முன்னிலையில் கேள்வி கேட்கும் நிகழ்ச்சி அது. நாடாளுமன்றத்தில் எதிர்ப்பு எழுந்தது. வழக்குத் தொடுத்தவர்கள் இந்தியப் பண்பாட்டுக்கு இழுக்கு என்றார்கள். டெல்லி உயர் நீதிமன்றம் தலையிட மறுத்தது. 2010 நவம்பரில் இந்தி 'பிக் பாஸ்', 'ராக்கி கா இன்சாஃப்' ஆகிய இரண்டையும் இரவு 11 மணிக்கு மேல், காலை 5 மணிக்குள் மட்டுமே ஒளிபரப்ப வேண்டும் என்று தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் ஆணையிட்டது. 2017 ஜூன் 25 அன்று விஜய் டிவியில் கமல்ஹாசன் தொகுத்து வழங்கிய தமிழ் 'பிக் பாஸ்' தொடங்கியதும், அதைத் தடை செய்ய வேண்டும் என்ற கோரிக்கை மீண்டும் பண்பாட்டின் பெயரால்தான் வந்தது.

இந்த மூன்றிலும் பாதுகாக்கப்பட வேண்டியவராகக் கருதப்பட்டவர் பார்வையாளர். 'ராக்கி கா இன்சாஃப்' அரங்கில் இழிவுபடுத்தப்பட்ட ஓர் இளைஞர் பின்னர் இறந்துபோனார். காவல்துறை வழக்கும் பதிவானது. ஆனால் அரசு உடனடியாக எடுத்த நடவடிக்கை ஒளிபரப்பு நேரத்தை மாற்றுவதாக இருந்தது. நேரத்தை மாற்றினால் குழந்தைகளின் கண்ணில் அந்தக் காட்சி படாமல் போகலாம். அரங்கில் நின்றவருக்கு நடந்தது இரவு 11 மணிக்கு ஒளிபரப்பானாலும் அதேதான்.

இக்கட்டுரை அந்த அரங்கில் நிற்பவரைப் பற்றியது. நடிகர், பாடகர், ஒளிப்பதிவாளர், விளக்குப் பிடிப்பவர் எல்லோருக்கும் ஒரு தொழிற்பெயர் உண்டு. ரியாலிட்டி நிகழ்ச்சியில் கலந்துகொள்பவருக்குப் 'போட்டியாளர்', 'விருந்தினர்', 'பங்கேற்பாளர்' என்ற பெயர்களே தரப்படுகின்றன. அவர் செய்வது உழைப்பா? உழைப்பு என்றால் அதற்கான நேர வரம்பு, ஊதியம், பாதுகாப்பு ஆகியவை எங்கே? ஒழுக்கம், உண்மை ஆகிய இரு கேள்விகளையும்விட இதுவே அடிப்படையானது என்பதும், இதைக் கேட்காமல் விட்டதால்தான் மற்ற இரண்டு விவாதங்களும் வந்த இடத்துக்கே திரும்பி வருகின்றன என்பதும் என் வாதம்.

2. ஆய்வாளர்கள் கண்டவை

1971-இல் கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவில் லவுட் என்ற குடும்பத்தின் வாழ்க்கையை ஏறத்தாழ 300 மணி நேரம் படம்பிடித்து, 1973-இல் 12 பகுதிகளாக அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சி ஒளிபரப்பியது. 'ஆன் அமெரிக்கன் ஃபேமிலி' என்ற அந்தத் தொடரில் மனைவி கணவரிடம் மணவிலக்குக் கேட்டதும் கேமராவின் முன் நடந்தது. மானுடவியலாளர் மார்கரெட் மீட், நாடகமும் நாவலும் தோன்றியதற்கு ஒப்பான நிகழ்வு என்று இதை வரவேற்றார். லவுட் குடும்பத்தினரோ, தங்களைக் குறித்துத் தவறான சித்திரம் தரும்படி படத்தொகுப்பு செய்யப்பட்டுவிட்டது என்று குற்றஞ்சாட்டினார்கள். இன்று வரை தொடரும் முறைப்பாட்டின் தொடக்கம் அது. 300 மணி நேரத்தில் எந்தப் 12 மணி நேரம் மிஞ்ச வேண்டும் என்று முடிவெடுப்பவர் வேறொருவர். படம்பிடிக்கப்பட்டவருக்கு அதில் வாக்கு இல்லை.

பிற்கால ஆய்வுகளில் மூன்று போக்குகளைக் குறிப்பிட வேண்டும். பார்வையாளர்களை ஆராய்ந்த அனெட் ஹில், மக்கள் ஏமாளிகள் அல்லர் என்று காட்டினார். கேமரா முன் நிற்பவர்கள் நடிக்கிறார்கள் என்பது பார்ப்பவர்களுக்குத் தெரியும். அந்த நடிப்பு கலைந்து உண்மை முகம் தெரியும் கணத்துக்காக அவர்கள் காத்திருக்கிறார்கள். 'நிஜமா, பொய்யா' என்ற விவாதத்தின் சூட்டை இந்த ஒரு முடிவே பெருமளவு தணித்துவிடுகிறது. லாரி வெலெட்டும் ஜேம்ஸ் ஹேயும், அரசு தன் நலத்திட்டப் பொறுப்புகளிலிருந்து விலகும் காலத்தில், தன்னைத் தானே திருத்தி மேம்படுத்திக்கொள்ளும் குடிமகனை இந்நிகழ்ச்சிகள் பயிற்றுவிக்கின்றன என்று வாதிட்டார்கள். 2004-இல் வெளிவந்த நூலில் மார்க் ஆண்ட்ரெயெவிச், பார்க்கப்படுவதே ஒரு வேலையாகிவிட்டது என்றார்.

இக்கட்டுரைக்கு மிக நெருக்கமானவர் ஆண்ட்ரெயெவிச். ஆனால் அவருடைய அக்கறை இணையக் காலத்தின் கண்காணிப்புப் பொருளாதாரம் பற்றியது. ரியாலிட்டி நிகழ்ச்சியின் பங்கேற்பாளர் அவரிடம், நாம் எல்லோரும் ஆகிக்கொண்டிருக்கும் ஒன்றின் குறியீடாக நிற்கிறார். குறியீடாக நிற்பவருக்குத் தூக்கம் தேவைப்படுவதில்லை. எத்தனை மணிக்கு எழுப்பினார்கள், என்ன கொடுத்தார்கள், வெளியேற விரும்பினால் என்ன ஆகும் என்ற கேள்விகளுக்கு அங்கே இடமில்லை. அவற்றைக் கேட்டவை நீதிமன்றங்கள்.

3. செலவுக் கணக்கு

நீதிமன்றத்துக்குப் போகும் முன், இவ்வகை நிகழ்ச்சி ஏன் இவ்வளவு பரவியது என்பதைப் பார்க்க வேண்டும். மக்களின் எட்டிப்பார்க்கும் ஆசையே காரணம் என்பது பொதுவான விளக்கம். அந்த ஆசை எப்போதும் இருந்ததுதான். 1980-களின் இறுதியில் திடீரென அதிகரித்துவிடவில்லை. சாட் ரஃபேல் 1990-களிலேயே வேறொரு விளக்கத்தை முன்வைத்தார். கேபிள் தொலைக்காட்சியின் வரவால் விளம்பர வருவாய் பலருக்கும் பிரிந்தது. நாடகத் தொடர்களின் தயாரிப்புச் செலவு ஏறிக்கொண்டே போனது. எழுத்தாளரும் நடிகரும் இல்லாத நிகழ்ச்சி வடிவங்களை நோக்கி நிறுவனங்கள் திரும்பின. 1988-இல் அமெரிக்கத் திரை எழுத்தாளர்கள் ஐந்து மாதங்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். போலீசாரின் பின்னால் கேமராவோடு ஓடும் 'காப்ஸ்' 1989-இல் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் வந்தது. 2007 நவம்பரில் தொடங்கிய அடுத்த பெரிய வேலைநிறுத்தத்தின்போதும் காலியான நேரங்களை நிரப்பியவற்றுள் ரியாலிட்டி நிகழ்ச்சிகள் முக்கியமானவை.

இதைவிட எனக்குத் தெளிவான சான்றாகப் படுவது 2006-இல் நடந்த சிறிய வேலைநிறுத்தம். 'அமெரிக்காஸ் நெக்ஸ்ட் டாப் மாடல்' நிகழ்ச்சியில் கதைப் பொறுப்பு வகித்த 12 பேர், தாங்கள் செய்வது எழுத்து வேலையே என்றும் எழுத்தாளர் சங்கத்தின் பாதுகாப்பு தங்களுக்கும் வேண்டும் என்றும் கோரி வெளியே வந்தார்கள். எடுத்த காட்சிகளிலிருந்து பகையையும் நட்பையும் திருப்பத்தையும் கட்டியெழுப்புவது அவர்கள் வேலை. அவர்கள் இல்லாமலேயே நிகழ்ச்சி தொடர்ந்தது, அவர்கள் வேலையிழந்தார்கள். எழுத்தில்லாத நிகழ்ச்சி என்ற பெயருக்குப் பின்னால் எழுத்து இருக்கிறது, எழுத்தாளர் என்ற தகுதி மட்டும் மறுக்கப்படுகிறது என்பதை இச்சம்பவம் காட்டியது. கேமராவின் முன் நிற்பவருக்கும் நேர்வது இதுவே.

4. பாரிஸ் தீர்ப்பு

பிரான்சில் டிஎஃப்1 தொலைக்காட்சி ஒளிபரப்பிய 'லீல் தெ லா தாந்தாசியோன்' என்ற நிகழ்ச்சியின் அமைப்பு எளியது. மணமாகாத, குழந்தைகள் இல்லாத நான்கு ஜோடிகளை ஒரு வெப்பமண்டலத் தீவுக்கு அழைத்துச் சென்று 12 நாட்கள் தங்கவைப்பார்கள். ஒவ்வொருவரையும் அவருடைய துணையிடமிருந்து பிரித்து, கவர்ச்சியான பிறரோடு பழகவைத்து, அவர்களுடைய காதலின் உறுதியைச் சோதிப்பார்கள். பங்கேற்றவர்கள் கையெழுத்திட்டது 'பங்கேற்பாளர் விதிமுறை' என்ற ஆவணத்தில். அதில் அவர்களுக்கு 1,525 யூரோ உத்தரவாதத் தொகையாகக் குறிப்பிடப்பட்டிருந்தது. சிலர் பின்னர் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போனார்கள்: நாங்கள் செய்தது வேலை, எங்களுக்கும் நிறுவனத்துக்கும் இடையில் இருந்தது பணி ஒப்பந்தம் என்றார்கள்.

நிறுவனத்தின் எதிர்வாதம் எளிதில் தள்ளக்கூடியதல்ல. இவர்கள் யாரும் எதையும் உற்பத்தி செய்யவில்லை; விடுமுறைத் தலத்தில் நீந்தினார்கள், உண்டார்கள், பேசினார்கள், தங்கள் சொந்த உணர்ச்சிகளை வெளிப்படுத்தினார்கள்; இது எப்படி வேலையாகும்? பொதுமக்களில் பலருக்கும் இதே எண்ணம்தான் இருந்திருக்கும். கடற்கரையில் படுத்திருந்ததற்குச் சம்பளமா என்ற கேலி பிரெஞ்சு ஊடகங்களில் எழுந்தது.

2009 ஜூன் 3 அன்று பிரான்சின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் பங்கேற்பாளர்களின் பக்கம் தீர்ப்பளித்தது. பணி ஒப்பந்தம் இருக்கிறதா இல்லையா என்பதை, இரு தரப்பும் அதற்கு வைத்த பெயர் தீர்மானிப்பதில்லை. வேலை உண்மையில் எந்தச் சூழலில் நடந்தது என்பதே தீர்மானிக்கும். நீதிமன்றம் எடுத்துக்கொண்ட சான்றுகளைக் கவனிக்க வேண்டும். நிறுவனம் வகுத்த செயல்பாடுகளிலும் கூட்டங்களிலும் பங்கேற்பது கட்டாயம். நடத்தைக்கான விதிகளை நிறுவனமே ஒருதலையாக வகுத்தது. முக்கியத் தருணங்களை எடுத்துக்காட்ட, நடந்த காட்சிகளை மறுபடி செய்யச் சொன்னார்கள். விழிக்கும் நேரத்தையும் உறங்கும் நேரத்தையும் நிறுவனம் நிர்ணயித்தது. எந்நேரமும் தயாராக இருக்க வேண்டும், இடத்தை விட்டு அகலக் கூடாது, வெளியாரோடு தொடர்புகொள்ளக் கூடாது, மீறினால் வெளியேற்றம். இவை எல்லாம் சேர்ந்து, ஒருவர் மற்றொருவருடைய அதிகாரத்துக்குக் கீழ்ப்பட்டு, அன்றாட வாழ்க்கைக்குப் புறம்பான ஒரு பணியை, பொருளாதார மதிப்புள்ள ஒன்றை உருவாக்குவதற்காகச் செய்கிறார் என்பதை நிறுவுகின்றன என்றது நீதிமன்றம். நிறுவனம் வேண்டுமென்றே வேலையை மறைத்தது என்று கீழ்நீதிமன்றம் கண்டதை மட்டும் அது ஏற்கவில்லை.

உணர்ச்சி உண்மையானதா என்று நீதிமன்றம் கேட்கவே இல்லை. அந்தக் கேள்விக்கு விடை காணாமலேயே தீர்ப்புச் சொல்ல முடிந்தது. நிஜமாகவே காதல் முறிந்து அழுதவரும், அழுவதாகப் பாவனை செய்தவரும் ஒரே நேரத்துக்கு எழுப்பப்பட்டார்கள். 2013-இல் அதே நீதிமன்றத்தின் இன்னோர் அமர்வு, இவர்கள் வேடம் ஏற்கவில்லை, வசனம் பேசவில்லை, தாங்களாகவே இருக்கச் சொல்லப்பட்டார்கள் என்பதால் 'கலைஞர்' என்ற தகுதி இவர்களுக்குப் பொருந்தாது என்றது. பணியாளர்தான், கலைஞர் அல்ல என்ற அந்த இரட்டை நிலை முரண்பாடாகத் தோன்றலாம். எனக்கு அது துல்லியமாகப் படுகிறது. கலைத்தகுதி பற்றிய மதிப்பீட்டையும் உழைப்புக்கான உரிமையையும் அது தனித்தனியே பிரித்துவிட்டது. ஒரு நிகழ்ச்சியைத் தரமற்றது என்று கருதுபவரும் அதில் பங்கேற்றவரின் ஊதியத்துக்காக வாதாடலாம்.

அமெரிக்காவில் இதே வாதம் தாமதமாகவே வந்தது. நெட்ஃபிளிக்ஸின் 'லவ் இஸ் பிளைண்ட்' நிகழ்ச்சியில் பங்கேற்ற ஒருவர் 2022-இல் தொடுத்த வழக்கில், வாரத்துக்கு 1,000 டாலர் தந்து நாளுக்கு 20 மணி நேரம் வரை தங்களை வேலைவாங்கியதாகக் கூறினார். ஏழு நாளுக்குக் கணக்கிட்டால் மணிக்கு 7.14 டாலர், அப்போது லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்டத்தின் குறைந்தபட்ச ஊதியம் 15 டாலர். முன்கூட்டியே வெளியேறினால் 50,000 டாலர் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்ததாக வழக்கு கூறியது. இவை வழக்காடியவரின் கூற்றுகள், நிறுவனங்கள் மறுத்தன, வழக்கு 14 லட்சம் டாலர் சமரசத்தில் முடிந்தது. 2024 டிசம்பரில் அந்நாட்டின் தேசியத் தொழிலாளர் உறவு வாரியத்தின் மினியாபொலிஸ் அலுவலகம், இப்பங்கேற்பாளர்கள் ஊழியர்களே என்ற நிலைப்பாட்டோடு முறையான புகாரைப் பதிவு செய்தது.

5. தீங்கு, காரணம், கடமை

பங்கேற்பாளரைப் பற்றிய அக்கறை பெரும்பாலும் ஒரு மரணத்துக்குப் பிறகே பொதுவெளியில் எழுகிறது. பிரிட்டனில் 2005 முதல் ஓடிய 'ஜெரமி கைல் ஷோ', அதில் கலந்துகொண்ட ஒருவரின் மரணத்துக்குப் பின் 2019 மே மாதம் நிரந்தரமாக நிறுத்தப்பட்டது. ஜப்பானில் 'டெரஸ் ஹவுஸ்' நிகழ்ச்சியில் இருந்த மல்யுத்த வீராங்கனை ஹானா கிமுரா, சமூக ஊடகங்களில் குவிந்த வசைகளுக்கு நடுவே 2020 மே மாதம் 22 வயதில் உயிரிழந்தார்.

இந்த மரணங்களை நிகழ்ச்சியின் நேரடி விளைவு என்று சொல்லிவிடுவதில் எச்சரிக்கை வேண்டும். ஜெரமி கைல் நிகழ்ச்சியில் பங்கேற்றவரைப் பற்றிய விசாரணையில், 2024 செப்டம்பரில் மரண விசாரணை அதிகாரி, நிகழ்ச்சி அவருடைய துயரை அதிகப்படுத்தியிருக்கக்கூடும் என்றாலும் அதுவே காரணம் என்று நிறுவப் போதிய சான்றில்லை என்ற முடிவுக்கு வந்தார். ஒரு மனிதரின் முடிவுக்குப் பின்னால் பல காரணங்கள் இருக்கும். தனிமரணத்தை மட்டுமே ஆதாரமாக்கும் வாதம், காரணத்தொடர்பு நிரூபிக்கப்படாதபோது தானும் விழுந்துவிடும்.

பணிச்சூழல் என்ற கோணம் இங்கே உதவுகிறது. தொழிற்சாலையில் விபத்து நடந்த பிறகுதான் பாதுகாப்புக் கடமை பிறக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. வேலை கொடுத்தவுடனேயே அது பிறந்துவிடுகிறது. பிரிட்டனின் ஒளிபரப்பு ஒழுங்காற்று அமைப்பான ஆஃப்காம் இத்திசையில்தான் நகர்ந்தது. 2007-இல் 'செலிபிரிட்டி பிக் பிரதர்' வீட்டில் ஷில்பா ஷெட்டிக்கு நேர்ந்த இனவெறி நடத்தை பற்றி 44,000-க்கும் மேற்பட்ட புகார்கள் அதற்கு வந்தபோது, பார்வையாளரின் மனம் புண்படுவது பற்றிய விதிகளே தீர்ப்புக்கு அடிப்படையாயின. 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த புதிய விதிகள், பங்கேற்பதால் கணிசமான தீங்குக்கு உள்ளாகும் வாய்ப்புள்ளவர்களின் நலனில் உரிய கவனம் செலுத்துவதை ஒளிபரப்பாளரின் வெளிப்படையான கடமையாக்கின.

ஜப்பான் வேறு வழியில் போனது. 2022-இல் அவமதிப்புக் குற்றத்துக்கான தண்டனையை ஓராண்டுச் சிறை அல்லது 3 லட்சம் யென் அபராதம் வரை உயர்த்தியது. வசைபாடியவர்களைத் தண்டிப்பது தேவைதான். ஆனால் வசையைத் தூண்டிய காட்சியைத் தேர்ந்தெடுத்துத் தொகுத்து, எதிர்ப்பு வந்த பின்னும் ஒளிபரப்பியவர்களின் பொறுப்பு அதில் அடங்குவதில்லை. அந்நாட்டு ஒளிபரப்பு நெறி அமைப்பு 2021-இல், மனித உரிமை மீறல் என்று சொல்லாவிட்டாலும், ஒளிபரப்பு நெறியில் குறை இருந்தது என்று கண்டது.

6. தமிழ்த் தொலைக்காட்சியில்

பாரிஸ் நீதிமன்றம் அடுக்கிய சான்றுகளைக் கையில் வைத்துக்கொண்டு பிக் பாஸ் வீட்டைப் பாருங்கள். கைபேசி இல்லை, செய்தித்தாள் இல்லை. காலையில் பாட்டுப் போட்டு எழுப்புகிறார்கள். பகலில் கண்ணயர்ந்தால் கண்டிப்பு. மைக்கைக் கழற்றக் கூடாது. முகமற்ற குரல் டாஸ்க் தருகிறது. அதில் ஈட்டும் மதிப்பெண்ணைப் பொறுத்து வீட்டுக்கு வரும் மளிகைப் பொருள் கூடுகிறது, குறைகிறது. வார இறுதியில் தொகுப்பாளர் முன்னால் நின்று, செய்ததற்கும் செய்யாததற்கும் விளக்கம் சொல்ல வேண்டும். மேலதிகாரி, வேலை நேரம், செயல்மதிப்பீடு, ஒழுங்கு நடவடிக்கை எல்லாம் இருக்கும் இடத்தைப் பணியிடம் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது? முதல் பருவத்தில் போட்டியாளராக இருந்த ஓவியா மன உளைச்சலோடு வெளியேறியபோது தமிழ்நாடே அவருக்காகப் பேசியது. ஆனால் பெரும்பாலும் பேசப்பட்டவை அவருடைய காதலும் சக போட்டியாளர்களின் கொடுமையும்தான். அங்கே நிறுவனத்தின் மனநலக் கடமை என்ன என்ற கேள்வி அந்தப் பேரன்பின் நடுவே பெரிதாக எழவில்லை.

பிக் பாஸில் வருபவர்களில் பலர் திரைத்துறையினர். ஊதியம் பேசத் தெரிந்தவர்கள். என் கவலை அதிகமும் ஜீ தமிழில் 2011-இல் தொடங்கிய 'சொல்வதெல்லாம் உண்மை' போன்ற நிகழ்ச்சிகளைப் பற்றியது. முதலில் நிர்மலா பெரியசாமியும் பிறகு லட்சுமி ராமகிருஷ்ணனும் நடத்திய அதில், எளிய குடும்பங்களின் சண்டை, துரோகம், பிள்ளைகளின் கண்ணீர் ஆகியவை அரங்கேறின. நீதிமன்றத்துக்கும் காவல் நிலையத்துக்கும் போக வழியற்ற பெண்களுக்கு அது ஒரு புகலிடமாக இருந்தது என்ற வாதம் உண்டு. அதில் உண்மையும் உண்டு. நம் அமைப்புகள் ஏழைப் பெண்ணின் குரலைக் கேட்பதில்லை என்பதால்தான் அவள் கேமராவைத் தேடிப் போகிறாள். ஆனால் அவள் அங்கே கொடுக்கும் விலை என்ன? நடத்துபவர் சொன்ன ஒரு வாக்கியம் நகைச்சுவைத் துணுக்காகி, 2015-இல் 'ரஜினிமுருகன்' படத்தின் பாட்டுவரை போனது. அந்த வாக்கியம் யாருடைய துயரத்தின் முன்னால் சொல்லப்பட்டதோ அவர் யார் என்று சிரித்தவர்களுக்குத் தெரியாது. 2018-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நிகழ்ச்சிக்கு இடைக்காலத் தடை விதித்தது. அந்த விவாதமும் தனிமனித அந்தரங்கம் என்ற எல்லையோடு நின்றுவிட்டது. மணிக்கணக்கில் அழுது, பேசி, பல வாரங்களுக்கான விளம்பர நேரத்தை உருவாக்கித் தந்தவர்களுக்கு அந்த வருவாயோடு என்ன உறவு என்பது கேட்கப்படவில்லை.

மறுதரப்பின் வலுவான வாதத்தையும் எடைபோட வேண்டும். புகழே இங்கு ஊதியம் என்பார்கள். 2006-இல் தொடங்கிய 'சூப்பர் சிங்கர்' இல்லாவிட்டால், செந்தில்கணேஷ், ராஜலட்சுமி போன்ற நாட்டுப்புறக் கலைஞர்களை வீட்டுக்கு வீடு தெரிந்திருக்குமா? 'கலக்கப்போவது யாரு' மேடையில்லாமல் சிவகார்த்திகேயன் திரைக்கு வந்திருப்பாரா? சினிமாக் குடும்பங்களுக்கு வெளியே பிறந்தவர்களுக்கு இந்த மேடைகள் திறந்த கதவு மெய்யானது. அதை நான் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் அந்தக் கதவின் வழியே சென்று சேர்ந்தவர்களின் பெயர்களை எளிதில் சொல்லிவிடலாம் என்பதே, சென்று சேராதவர்கள் எவ்வளவு பேர் என்பதைச் சொல்கிறது. குரல் தேர்வு வரிசையில் நின்றவர்கள், பத்தாவது சுற்றில் வெளியேறியவர்கள், புரோமோவுக்காக அழவைக்கப்பட்டவர்கள் எல்லோரும் சேர்ந்துதான் ஒரு பருவம் ஓடியது.

7. சட்டத்தின் வாசலில்

இந்தியச் சட்டத்தில் இக்கேள்விக்கு ஒரு பாதி விடை ஏற்கெனவே இருக்கிறது. 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், 14 வயதுக்குட்பட்டவர் பொழுதுபோக்குத் துறையில் கலைஞராகப் பங்கேற்பதை அனுமதிக்கிறது. அதற்கான 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். நாளுக்கு 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது. ஓய்வில்லாமல் 3 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. தொடர்ந்து 27 நாட்களுக்கு மேல் ஈடுபடுத்தக் கூடாது. வருவாயில் குறைந்தது 20 விழுக்காட்டைக் குழந்தையின் பெயரில் வங்கியில் நிரந்தர வைப்பாகப் போட வேண்டும். இவ்விதிகள் எவ்வளவு கடைப்பிடிக்கப்படுகின்றன என்பது தனிக் கேள்வி. கொள்கை அளவில் அவை ஒன்றை ஏற்றுக்கொண்டுவிட்டன: போட்டி மேடையில் பாடும் 10 வயதுச் சிறுமி செய்வது வேலைதான், அதற்கு நேரமும் ஓய்வும் வருவாயும் உண்டு. அதே மேடையில் அவளுக்குப் பக்கத்தில் நிற்கும் 25 வயதுப் பாடகருக்கு இவற்றுள் எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை.

2020-இல் இயற்றப்பட்டு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த பணிப் பாதுகாப்பு, நலம், பணிச்சூழல் தொகுப்புச் சட்டம் இங்கே முக்கியமாகிறது. திரைப்படத் தொழிலாளர்களுக்காக 1981-இல் வந்த சட்டத்தின் இடத்தை எடுத்துக்கொண்ட இது, 'ஒலி-ஒளித் தயாரிப்பு' என்பதன் வரையறையில் ரியாலிட்டி ஷோக்களையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. இத்தகைய தயாரிப்பில் வேலை செய்பவரோடு எழுத்துமூல ஒப்பந்தம் வேண்டும். அதில் பணியின் தன்மை, ஊதியம், வேலை நேரம், பாதுகாப்பு, நல வசதிகள் ஆகியவை குறிக்கப்பட வேண்டும். ஒளிப்பதிவாளரும் ஒப்பனைக் கலைஞரும் இதன்கீழ் வருவதில் ஐயமில்லை. போட்டியாளர் வருவாரா என்பது 'பணியமர்த்தப்பட்டவர்' என்ற சொல்லுக்கு நீதிமன்றம் தரும் பொருளைப் பொறுத்தது. ஊதியம் மத்திய அரசு அறிவிக்கும் உச்சவரம்பைத் தாண்டாதவர்களுக்கே இப்பிரிவு பொருந்தும் என்பதால், பெருந்தொகை பெறும் நட்சத்திரப் போட்டியாளர்கள் இயல்பாகவே விலக்கப்படுவார்கள். எஞ்சுபவர்கள் பெயர் தெரியாதவர்கள்: குடும்பச் சண்டையோடு அரங்குக்கு வந்தவர், குரல் தேர்வில் மூன்றாம் சுற்றுவரை வந்தவர், சமையல் போட்டியின் முதல் வாரத்தில் வெளியேறியவர். அவர்களில் ஒருவர் தொழிலாளர் நீதிமன்றத்தின் படியேறினால், எத்தனை மணிக்கு வரச் சொன்னார்கள், எத்தனை முறை திரும்பச் செய்யச் சொன்னார்கள், கையெழுத்திட்ட தாளின் நகலைக் கொடுத்தார்களா என்று அங்கே கேட்கப்படும். அந்தக் கேள்விகளுக்குத் தமிழில் பதிவாகும் முதல் பதில்கள், இதுவரை நடந்த தடைக் கோரிக்கைகள் அனைத்தையும்விட நமக்கு அதிகம் சொல்லும்.